நாலாம் பாட்டு முடியாது

கடிதத்தில் இருந்தவை மூன்றே மூன்று சொற்கள்.

‘நாலாம் பாட்டு முடியாது.’

நிலாம் அதைத் தன் முச்சக்கர வண்டியின் முன்கண்ணாடியில் செருகி வைத்திருந்தான். வெள்ளவத்தையில் புறப்பட்டபோது ஒரு தரம் வாசித்தான். பம்பலப்பிட்டியில் சிக்னல் சிவப்பானபோது இன்னொரு தரம். புறக்கோட்டையில் சுமைதூக்கும் நாட்டாமைகள் மூட்டை வண்டியைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போனபோது மூன்றாம் தரம்.

“மிஸ், இத எழுதினது ஒரு கொலகாரன். இல்லாட்டி ஒரு சங்கீத டீச்சர். இவங்க ரெண்டு பேரும்தான் இப்பிடி எண்ணிச் செல்ற.”

பின் இருக்கையில் உஷாந்தி சிரிக்கவில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பத்து வருடம், தங்கள் கடைக்குத் தாங்களே தீ வைத்தவர்களைக் கண்டுபிடித்தே பெயர் வாங்கியவள். இப்போது வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அங்கே நிலாம்தான் சாரதி, தூதுவன், தேநீர் போடுபவன். வாயை மூடு என்றால் மட்டும் கேட்கமாட்டான்.

“டீச்சர்மார் கடிதத்திலை கையெழுத்து வைப்பினம்,” என்றாள் அவள். “ஒழுங்கையைப் பாத்து ஓட்டும்.”

அவள் மடியில் எட்டு வருடத்துக்கு முந்திய பத்திரிகைத் துண்டுகள் இருந்தன. மன்செஸ்டரில் இருந்து வந்த ‘நைன் ஆங்கர்ஸ்’ என்ற ராக் இசைக்குழு கொழும்பில் முதல் தடவை பாடிய நாள். மைதானத்தின் பக்கவாசல் கேற் பூட்டியிருந்தது. நெரிசலில் நிஷாந்தினி என்ற பத்தொன்பது வயதுப் பெண் அந்தக் கேற்றோடு நசுங்கிச் செத்தாள். ‘ரவுடிக் கூட்டத்தின் வெறியாட்டம்’ என்று ஒரு தலைப்பு. கேற்றைத் திறக்கச் சொல்லியும் காவலாளி திறக்கவில்லை என்று ஏற்பாட்டாளர் றொஹான் சாட்சி சொன்னார். சாந்தன் என்ற அந்தக் காவலாளி இரண்டு வருடம் சிறையில் இருந்தான்.

இன்று அதே இசைக்குழு கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிகிற அதே மைதானத்தில் மறுபடியும் பாடப் போகிறது. ஏற்பாட்டாளரும் அதே றொஹான். கடிதம் வந்ததும் உஷாந்தியை அழைத்தவரும் அவர்தான்.

*

பின்னேரம் நாலரைக்கே மைதானத்தில் எள் விழ இடமில்லை. கறுப்பு டீசேர்ட் போட்ட எண்ணாயிரம் பேர். தோளுக்கு மேல் தோள் ஏறி நின்றார்கள். வெறும் தண்ணீர்ப் போத்தல்கள் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. வரிசையில் நின்ற இரண்டு பெண் பிள்ளைகளிடம் நிலாம் பேச்சுக் கொடுத்தான். போன முறை நெரிசல் நடந்தது எத்தனையாம் பாட்டில் என்று கேட்டான்.

“மூணாவது,” என்றாள் ஒருத்தி, பிறந்த தேதியைச் சொல்வது போல. “எல்லாருக்கும் தெரியும்.”

“பாருங்க மிஸ்,” என்றான் நிலாம் திரும்பி வந்து. “கொலகாரனுக்கு எண்ணவே தெரியா. பள்ளிக்கூடத்துல என்னோட படிச்சவனா ஈக்கலாம்.”

மேடைக்குப் பக்கத்தில் றொஹான் கோட்டும் வியர்வையுமாக நின்றார். தடித்த மனிதர். கை மட்டும் மெல்ல நடுங்கியது.

“முதல் கடிதம் ஒபிஸ் தபால் பெட்டிக்குள்ள. ரெண்டாவது காரின்ர வைப்பர்ல. மூண்டாவது இண்டைக்குக் காலமை, இந்தக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ள! மிஸ் உஷாந்தி, இது சாந்தன்தான். ஜெயிலால வந்தவன், என்னை விடுவானா? அவனைப் பிடிச்சுத் தாங்கோ, எனக்கு அதே காணும்.”

“கோட்டை எங்கை கழட்டி வச்சனீங்கள்?”

“ஒபிசிலதான்.”

“உங்கட ஒபிசுக்குள்ள சாந்தன் வருவாரோ?”

றொஹான் அதைக் காதில் வாங்கவில்லை. “எல்லாம் இந்த முறை புதுசு. மேடை ஆக்கள், லைற் ஆக்கள், காவல் ஆக்கள், பழைய முகம் ஒண்டையும் நான் வச்சிருக்கேல்ல. பைறோஸா மட்டும்தான். அவ என்ர வலது கை. கேற் எல்லாம் திறந்திருக்கு. நானே பாத்தனான்.”

அவர் போனபின் உஷாந்தி மேடையின் ஓரத்தில் குனிந்தாள். பாடகர் நிற்குமிடத்தில் கறுப்பு நாடாவால் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். அன்றைய பாட்டுக்களின் வரிசை. அதை அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேடை விளக்குகள் எரிந்தன. எண்ணாயிரம் தொண்டைகளும் ஒன்றாகத் திறந்தன.

முதலில் பாட்டு இல்லை. கிற்றாரும் டிரம்ஸும் மட்டும். ஒரு சொல்லும் இல்லாமல் ஐந்து நிமிடம் நெஞ்சாங்கூட்டை உலுக்கியது. நிலாம் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டான்.

“பாடகர் எங்க மிஸ்? பஸ்ஸைத் தவற விட்டுட்டாரா?”

உஷாந்தி அவன் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். அங்கே கத்தினால் கேட்கும்.

“நிலாம், இப்ப அடிக்கிறது எத்தினையாம் பாட்டு?”

“இது பாட்டா? இது சும்மா தொடக்கம். இனித்தான் ஒண்டு.”

“அந்தத் தாளிலை இதுதான் ஒண்டு. அண்டைக்கும் இப்பிடித்தான் தொடங்கியிருப்பினம். சனம் பாடுறதைத்தான் எண்ணும். மேடையிலை நிக்கிற ஆக்கள் தாளைப் பாத்து எண்ணுவினம். பேப்பர் மூண்டு எண்டது. அந்தப் பிள்ளையின்ர தாய் வழக்கிலை மூண்டு எண்டவ. கேற்றடியிலை நிண்ட சாந்தனும் மூண்டு எண்டுதான் சொன்னவர்.”

நிலாம் விரல் மடித்து எண்ணினான். “அப்ப நாலு எண்டு செல்றது…”

“அண்டைக்கு மேடையிலை நிண்ட ஆள். இனி அடுத்த சொல்லைப் பாரும். பாடகர் சாவார் எண்டு எழுதேல்ல, றொஹான் சாவார் எண்டும் எழுதேல்ல. பாட்டு முடியாது எண்டுதான் கிடக்கு. ஒரு பாட்டை இடையிலை நிப்பாட்ட ஆராலை ஏலும்?”

அவள் கை காட்டிய திசையில், மைதானத்தின் நட்டநடுவில், சனக் கடலுக்கு மேலே உயர்ந்த கூடாரம் ஒன்று தெரிந்தது. ஒலிப் பலகை அங்கேதான் இருந்தது. எல்லா ஒலியும் அதன் வழியாகத்தான் போகவேண்டும்.

“இசைக்குழுவை விட்டால், அண்டைக்கும் இண்டைக்கும் மேடையிலை நிக்கிறது ரெண்டே ரெண்டு பேர். ஒருத்தர் றொஹான். தனக்குத் தானே கடிதம் எழுதுற ஆளுக்குக் கை இப்பிடி நடுங்காது.”

“பைறோஸா,” என்றான் நிலாம்.

“நான் கூடாரத்துக்குப் போறன். நீர் பக்கக் கேற்றைப் பாத்திட்டு ஓடி வாரும். திறந்திருக்கு எண்டு அவர் சொன்னதை ஒருக்காக் கண்ணாலை பாக்கவேணும்.”

*

தாளின்படி இரண்டாம் பாட்டு தொடங்கியிருந்தது. பாடகர் மேடையில் இருந்து சனத்துக்குள் பாய்ந்தார். சனம் அவரைக் கையில் ஏந்தித் திரும்ப வீசியது. நிலாம் முழங்கைகளால் வழி வெட்டிக்கொண்டு பக்கக் கேற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் சேர்ட்டில் இரண்டு பொத்தான்கள் மிச்சம் இருந்தன.

கேற்றில் புதுச் சங்கிலி. புதுப் பூட்டு. காவலாளி ஒருவரும் இல்லை.

பூட்டுக்கு முன்னால் ஒரு மெலிந்த மனிதன் குந்தியிருந்தான். பையில் இருந்து நீளமான இரும்புக் கைபிடி ஒன்றை உருவிக்கொண்டிருந்தான். நிலாம் பின்னால் போய் அவன் கழுத்துப் பட்டியைப் பிடித்தான். ஆள் யாரென்று ஊகித்துவிட்டான்; ஆனாலும் அண்ணன் முறை வைத்தே கூப்பிட்டான்.

“சாந்தன் நானா, எழும்புங்க! கையில என்ன? ஆர்ர தலைக்கு?”

அந்த மனிதன் திமிறவில்லை. திரும்பிப் பார்த்தான். நாற்பது வயதுக்கு மேல் இராது. தலை முழுக்க நரைத்திருந்தது.

“தலைக்கு இல்லைத் தம்பி. பூட்டுக்கு.”

அது சங்கிலி வெட்டுகிற பெரிய கத்தரி. நிலாம் பிடியை விட்டான்.

“அவர் எங்க கச்சேரி வச்சாலும் நான் போவன்,” என்றான் சாந்தன். “டிக்கட் எடுத்துப் போவன். பாட்டுக் கேக்க இல்லை. கேற்றைப் பாக்க. இண்டைக்கு மூண்டு மணிக்குத் திறந்திருந்தது. நாலு மணிக்கு அவரே வந்து பூட்டினவர். டிக்கட் இல்லாத பொடியள் உள்ள வந்திட்டாங்களாம். நான் அவற்ற கையைப் பிடிச்சுக் கேட்டனான் தம்பி. என்னை ஆரெண்டே அவருக்குத் தெரியேல்ல.”

“கட்டரை எப்பிடி உள்ளுக்குக் கொண்டு வந்தீங்க?”

“மதிலுக்கு மேலால எறிஞ்சிட்டு முன்கேற்றால வந்தனான்.”

“எங்கட காவல் ஏற்பாடு இவ்வளவுதான்,” என்று முணுமுணுத்தான் நிலாம். பிறகு சட்டென்று நடுவில் தெரிந்த கூடாரத்தைப் பார்த்தான். அங்கே என்ன நடக்கப் போகிறதென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் என்ன நடந்தாலும் இந்தச் சனம் ஓடும். ஓடினால் இங்கேதான் வரும்.

“வெட்டுங்க நானா! நான் இப்ப வாறன்.”

*

கூடாரத்துக்குள் உஷாந்தி ஒரு பெண்ணுக்கு முன்னால் நின்றாள். தலையில் கறுப்புத் துணி, காதில் ஹெட்செட், வயது இருபத்தேழு. பைறோஸா. அவள் ஒரு கை ஒலிப் பலகையில் இருந்தது. மற்றக் கையில் ஒரு பென்டிரைவ். இசைக்குழுவின் வெள்ளைக்கார ஒலிப் பொறியியலாளர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டுக் கைகட்டி ஒதுங்கி நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

“கடிதம் நான்தான் எழுதின,” என்று பைறோஸா சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. “நிஷாந்தினி என்னோட ஒரே வகுப்பு. ஒரே வாங்குல இருந்து படிச்ச. அந்த டிக்கட்ட நான்தான் குடுத்த. எனக்கு அப்பதான் மேடையில கேபிள் பிடிக்கிற வேல கெடச்சீந்திச்சி. ஒரு டிக்கட் சும்மா தந்தாங்க. நீ வா, நான் உள்ளுக்கு ஈப்பேன் எண்டு நான்தான் செல்லிக் கூப்பிட்ட.”

“அண்டைக்கு உமக்கு என்ன கேட்டது?”

“இந்த ஹெட்செட்ல எல்லாமே கேட்ட. றொஹான் சேர் செல்றதும் கேட்ட, சாந்தன் நானா கெஞ்சுறதும் கேட்ட. மறுவா கோர்ட்ல அவர் மாத்திச் சொன்னதையும் கேட்ட. எனக்கிட்ட ஒரு சாட்சியும் இல்ல. ஆனா இவங்கட பலகை எல்லா லைனையும் பதிஞ்சு வெச்சீக்கும் எண்டு வேல படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்ச. அது மன்செஸ்டர்ல பெட்டிக்குள்ள கெடந்திச்சி. இவங்க திரும்பி வாற வரைக்கும் அவருக்கு எட்டு வருஷம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன் மிஸ். சிரிச்சுக்கொண்டு குடுத்தன்.”

“கோட்டிலை குடுக்கலாமே?”

“அதுக்கும் போகும். ஆனா மொதல்ல சனம் கேக்கணும். ரவுடிக் கூட்டம்தான் கொன்ன எண்டு சனத்துக்கு மேலதானே பழியப் போட்டாங்க? சனமே கேக்கட்டும். அதே பாட்டுல.”

“பிறகேன் முன்கூட்டியே கடிதம்?”

பைறோஸா முதன்முறையாகச் சிரித்தாள். கூடார வாசலுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்த நிலாமுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“எட்டு வருஷமா நான் தூங்கல்ல. அவர் ரெண்டு கிழமையாவது தூங்காம ஈக்கட்டும் எண்டு.”

தாளின்படி மூன்றாம் பாட்டு முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. நிலாம் மூச்சு வாங்கியபடி இடையில் புகுந்தான்.

“மிஸ், கேற் பூட்டு! சங்கிலி போட்டு அவரே பூட்டியீக்கார்!”

பைறோஸாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. “பொய். காலைல நான் பாத்த. திறந்தீந்திச்சி.”

“நாலு மணிக்குப் பூட்டின. சாந்தன் நானா அங்க வெட்டிக்கொண்டீக்கார்.”

உஷாந்தி அந்தப் பென்டிரைவைப் பறிக்க முயலவில்லை. பைறோஸாவின் கண்களையே பார்த்தாள்.

“பிள்ளை, இப்ப நீர் அதைப் போட்டால் எண்ணாயிரம் பேர் கொதிப்பினம். அரைவாசிப் பேர் அந்தக் கேற்றடிக்கு ஓடுவினம். அங்கையும் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை நிப்பாள். அவளின்ர சிநேகிதி உம்மைத் தேடிக்கொண்டு எட்டு வருஷம் திரிவாள்.”

மேடையில் மூன்றாம் பாட்டு முடிந்தது. கூட்டம் வெறி பிடித்துக் கத்தியது. நாலாம் பாட்டின் முதல் கிற்றார் ஒலி எழும்பியதும் அந்தக் கத்தல் இரண்டு மடங்கானது. பைறோஸா விரலைப் பலகையில் இருந்து எடுத்துக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் ஓடுவது அவளுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

“கேற் திறந்த மறுவாதான்,” என்றாள் கடைசியில். “ஆனா பாட்டு முடியிறதுக்குள்ள. ஆறு நிமிஷம் ஈக்கி. எனக்கு இங்க தெரியிற மாதிரிக் காட்டுங்க.”

“நிலாம், ஓடும்! திறந்ததும் போன் லைற்றை ஆட்டும்!”

நிலாம் ஓடினான். கால்களை மிதித்தான், மன்னிப்புக் கேட்டான், மறுபடி மிதித்தான். சாந்தன் சங்கிலியின் முதல் வளையத்தைப் பாதி வெட்டியிருந்தான். உள்ளங்கையில் இரத்தம். நிலாமும் ஒரு கைபிடியைப் பற்றினான். இருவரும் உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினார்கள். இரும்பு வழுக்கியது. மறுபடி அழுத்தினார்கள். சங்கிலி அறுந்து காலடியில் விழுந்தது. இரண்டு கதவுகளையும் மதிலோடு சாயும்வரை தள்ளித் திறந்துவிட்டு, நிலாம் போனை உயர்த்தி வெளிச்சத்தை ஆட்டினான்.

பாட்டு நின்றது.

யாரோ குரல்வளையைப் பிடித்ததுபோல் நின்றது. மேடையில் பாடகர் வாயைத் திறந்தபடி இருந்தார், ஒலி இல்லை. எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒரு கரகரப்பு. பிறகு ஒரு மனிதக் குரல், மாடி வீட்டளவு உயரமாக:

“சேர், ஆக்கள் விழுகினம் சேர். கேற்றைத் திறக்கட்டே?”

“திறக்காதை. டிக்கட் இல்லாத காவாலி எல்லாம் உள்ள வருவான்.”

“சேர், ஒரு பிள்ளை கம்பிக்குள்ள மாட்டிட்டுது. கத்துது சேர். சாவி உங்களிட்ட, ஆரிட்டயாவது குடுத்து விடுங்கோ சேர்…”

“பாட்டு முடியட்டும். விளங்குதே? பூட்டினபடி இருக்கட்டும்.”

நிலாமுக்குப் பக்கத்தில் சாந்தன் தன் எட்டு வருடத்துக்கு முந்திய குரலைக் கேட்டுக்கொண்டு நின்றான். கத்தரி கையில் இருந்து நழுவியது கூட அவனுக்குத் தெரியவில்லை.

றொஹானின் குரலைக் கொழும்பில் பாட்டுக் கேட்கிற எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு கச்சேரியிலும் மைக் பிடித்து வரவேற்பவர் அவர்தான். யாரோ ஒருவன் அவர் பெயரைக் கத்தினான். அடுத்த நொடி எண்ணாயிரம் பேரும் கத்தினார்கள். போத்தல்களும் செருப்புகளும் றொஹான் நின்ற முக்கியஸ்தர் பந்தலை நோக்கிப் பறந்தன. சனம் அலைபோல் பக்கவாட்டில் சரிந்தது. வரிசையில் நிலாமோடு பேசிய பெண் பிள்ளை இடறிக் கேற்றடியில் விழுந்தாள். சாந்தன் அவளைத் தோளில் பிடித்துத் தூக்கி வெளியே விட்டான். அவளுக்குப் பின்னால் நூறு பேர், இருநூறு பேர், தடையில்லாமல் தெருவுக்கு வழிந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு றொஹானும் ஓடி வந்தார்.

வெளியே தெருவோரத்தில் ஒரு பொலிஸ் ஜீப் நின்றது. அதற்கும் அவருக்கும் இடையே ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும், வெளுத்த நீலச் சேலை. மைதானத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லி, பைறோஸா கூட்டி வந்தும் வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டவள். நிஷாந்தினியின் தாய் இராமலெட்சுமி.

“கம்பிக்குள்ள மாட்டிக்கிட்டு எம்புள்ள என்னான்னு கத்துனா?” என்று கேட்டாள். “நீ கேட்டீல்ல? சொல்லு. அம்மான்னாளா? தண்ணின்னாளா?”

றொஹான் அவளை விலக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கிப் போகப் பார்த்தார். பின்னால் இருந்து வந்த பொடியன்கள் அவர் சேர்ட்டைப் பிடித்துக் கிழித்தார்கள். ஒருவன் கல்லை ஓங்கினான். றொஹான் முழந்தாளில் விழுந்து, “மாத்தயா, மாவ ஜீப் எகட்ட தாகன்ன!” என்று தன்னை ஜீப்பில் ஏற்றச் சொல்லிப் பொலிஸ்காரரைக் கெஞ்சினார்.

இராமலெட்சுமி கல்லோங்கிய கையைப் பிடித்தாள்.

“வேணாம் தம்பி. இவன யாரும் தொடக்கூடாது.”

“அம்மா, இவன் உங்கட பிள்ளையை…”

“தெரியும். அதனாலதான் சொல்றேன். ஒரு கல்லுல செத்துட்டா இவனுக்கு அது போதும். எனக்குப் போதாது. எட்டு வருசமா நான் கோட்டுப் படி ஏறி எறங்குனேன். இனி இவன் ஏறட்டும். ஒவ்வொரு தவணைக்கும் முன் வாங்குல நான் இருப்பேன். இவன் திரும்பிப் பாக்கிற பக்கமெல்லாம் நான் இருக்கணும். இவன் நல்லா இருக்கணும் தம்பி, ரொம்ப நாளைக்கு.”

கல் கீழே விழுந்தது. பொலிஸ்காரர்கள் றொஹானை அள்ளி ஜீப்புக்குள் போட்டார்கள்.

உஷாந்தி பைறோஸாவோடு கேற்றைத் தாண்டி வந்தாள். பென்டிரைவ் இப்போது உஷாந்தியின் கைப்பையில் இருந்தது.

“மிஸ்,” என்றான் நிலாம் தாழ்ந்த குரலில், “எங்களக் கூப்பிட்டது அவர். அவரத்தானே நாங்க இப்ப உள்ளுக்கு அனுப்பின?”

“கடிதம் எழுதினது ஆரெண்டு கண்டுபிடிக்கச் சொன்னவர். கண்டுபிடிச்சாச்சு. பொலிசிலை கேட்டால் அதையும் சொல்லுவன். அதுக்கு முதல் இதைக் குடுப்பன்.”

இராமலெட்சுமி ஏற்கெனவே முச்சக்கர வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் பைறோஸா. உஷாந்தி நெருக்கி உட்கார்ந்தாள். சாந்தன் இரத்தக் கையைச் சேர்ட்டில் துடைத்துக்கொண்டு தயங்கி நின்றான். எட்டு வருடமாக அந்தத் தாய் அவனைத்தான் சபித்துக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

இராமலெட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

“ஏறுங்க. நீங்க கெஞ்சுனத நானும் கேட்டேன்.”

நிலாம் வண்டியைக் கிளப்பினான். முன்னால் ஜீப்பின் சிவப்பு விளக்கு சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தது.

“வேகமா விடு தம்பி,” என்றாள் பின்னால் இருந்து இராமலெட்சுமி. “அவன் எறங்குறப்ப நான் அங்க நிக்கணும்.”